மார்த்தினிக் தீவில் கடற்கரை, சந்தை, ரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில், டொமினிகாவுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் நடுவே இருக்கிறது மார்த்தினிக். பரப்பு 1,128 சதுர கி.மீ.; சென்னையின் அட்சரேகைக்குச் சற்றே வடக்கு. சின்னத் தீவுதானே, எப்படிச் சுற்றினாலும் பார்த்துவிடலாம் என்று நினைத்து வருபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இங்கே சந்தைக்கு ஒரு நேரம் உண்டு, ரம் ஆலைக்கு ஒரு பருவம் உண்டு, கடலுக்கு ஒரு திசை உண்டு. இந்த மூன்றும் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

மார்த்தினிக் தனி நாடா? விசா வேண்டுமா?

தனி நாடு அல்ல, பிரான்ஸின் ஒரு பகுதி. செலவழிப்பது யூரோ, பேசுவது பிரெஞ்சும் அதிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோலும், மின்செருகி பிரெஞ்சு வகை. ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் சேராது. பலர் கோட்டை விடும் இடம் இதுதான். ஜெர்மனியோ இத்தாலியோ கொடுத்த ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு, பாரிஸ் வரை வந்துவிட்டோமே, அப்படியே போய்விடலாம் என்று கிளம்பினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விண்ணப்பிக்கும்போதே மார்த்தினிக் போவதாகக் குறிப்பிட்டு, பிரெஞ்சுக் கடல்கடந்த பகுதிகளுக்குச் செல்லுபடியாகும் விசாவைக் கேட்டு வாங்க வேண்டும். பாரிஸில் இரண்டு நாள் தங்குவதாக இருந்தால் ஷெங்கன் விசா தனியே தேவை. கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டு இருந்தால் 90 நாள் வரை விசா வேண்டாம். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், வெளியே வராவிட்டாலும் இந்தியர்களுக்கு அமெரிக்க இடைவழி விசா தேவை. மலிவு டிக்கெட்டைப் பார்த்ததும் பதிவு செய்யாமல், எந்த ஊரில் மாறுகிறது என்று முதலில் பாருங்கள்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். மழை கொட்டும், ஆனால் தினமும் நாள் முழுக்கப் பெய்யாது. ரம்மைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கேள்விக்கே இடமில்லை: பிப்ரவரி இறுதியிலிருந்து மே வரை. அப்போதுதான் கரும்பு வெட்டும் பருவம். ஆலை ஓடும், உருளைகள் அரைக்கும், கருப்பஞ்சாற்றின் பச்சை வாசனை சாலை வரை வரும். ஆகஸ்டில் போனால் அதே ஆலையில் துடைத்து வைத்த இயந்திரத்தையும் சுவரில் ஒட்டிய விளக்கப் பலகையையும் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ், பிப்ரவரிப் பள்ளி விடுமுறை வாரங்களில் பிரான்ஸிலிருந்து கூட்டம் வரும். அறை வாடகை ஏறும்.

எத்தனை நாள் வேண்டும்? கார் கட்டாயமா?

ஆறு நாள் நல்ல அளவு. மூன்று நாளுக்குக் குறைவென்றால் தெற்கு, வடக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கார் ஏறக்குறையக் கட்டாயம்தான். தலைநகர் ஃபோர்-த-ஃபிரான்ஸைச் சுற்றிப் பேருந்து உண்டு. மற்ற ஊர்களுக்கு ஓடும் பகிர்வு வேன்கள் மதியத்துக்குமேல் குறைந்து, ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட நின்றுவிடும். வண்டி ஓட்டுவது வலப்பக்கம். உங்கள் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். தானியங்கி கியர் கார்கள் குறைவு, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மலைச் சாலைகள் முதல் கியரில் ஏறும் அளவுக்குச் செங்குத்தாக இருக்கும்.

வரைபடத்தைப் பார்த்து நேரம் கணக்கிடாதீர்கள். காலை 6 முதல் 9 வரை தலைநகருக்குள் நுழையும் சாலையில், விமான நிலையம் இருக்கும் லெ லமந்தேன் பக்கம் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். மாலையில் எதிர்த்திசையில் அதே கதை. தலைநகருக்கும் எதிர்க்கரையில் உள்ள துருவா-இலே பகுதிக் கடற்கரைகளுக்கும் இடையே பயணிகள் படகு ஓடுகிறது. சுமார் 20 நிமிடம். சந்தைக்குப் போகும் நாளில் காரை அக்கரையில் விட்டுவிட்டுப் படகில் வருவது எவ்வளவோ மேல்.

இன்னொன்று: தீவின் வடமேற்கு மூலையில் கடலோரச் சாலை கிடையாது. லெ பிரெஷரைத் தாண்டி ஆன்ஸ் கூலேவ்ர் என்ற இடத்தில் தார்ச்சாலை முடிந்துவிடும். அங்கிருந்து க்ரான்-ரிவியேர் ஊருக்குக் காட்டுவழி நடைபாதைதான், ஒரு முழு நாள் பிடிக்கும். காரில் போக வேண்டுமானால் திரும்பி வந்து மலையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

எந்தக் கடற்கரைக்குப் போவது?

முதலில் திசையைப் பாருங்கள். மேற்கே கரீபியக் கடல், குளம் மாதிரி அமைதி. கிழக்கே அட்லாண்டிக், வருடம் முழுக்கக் காற்று, அலை. தெற்கில் பவளமும் சிப்பியும் நொறுங்கி உண்டான வெளிர் மணல். வடக்கில் பெலே எரிமலை கொட்டிய கறுப்பு மணல். பெரும்பாலானோர் வெள்ளை மணலைத் தேடித் தெற்கோடு நின்றுவிடுகிறார்கள். கறுப்பு மணலை விடாதீர்கள் என்பதுதான் எங்கள் ஆலோசனை. ஈரமான கறுப்பு மணலில் வெயில் படும்போது துகள் துகளாக மின்னும். நண்பகலில் அது காலைச் சுட்டுவிடும், செருப்பு வேண்டும்.

தென்கோடியில் சேந்த்-ஆன் ஊருக்கு அப்பால் லே சாலீன். வளைந்து நீளும் வெண்மணல், தென்னை வரிசை, ஆழமில்லாத நீர். அஞ்சலட்டைகளில் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை தீவே இங்கே குடும்பத்தோடு சமையல் பாத்திரங்களுடன் வந்திறங்கும். வார நாளில் காலை 9 மணிக்கு முன் போனால் கரையே உங்களுடையது. தென்னைக்கு நேர் கீழே துண்டு விரிக்காதீர்கள், காய் விழும்.

தென்மேற்கில் ஆன்ஸ் துஃபூர், ஆன்ஸ் நுவார் என்று அடுத்தடுத்து இரண்டு சிறு வளைகுடாக்கள். ஒன்றில் பொன்னிற மணல், மற்றதில் கறுப்பு மணல். நடுவில் இருப்பது ஒரு பாறைக் குன்று மட்டும். ஆன்ஸ் நுவாருக்குப் படிக்கட்டில் இறங்க வேண்டும். முக்கியமான சிக்கல் வாகன நிறுத்தம்: இடம் மிகக் குறைவு, காலை 9 மணிக்கே நிரம்பிவிடும். பக்கத்து க்ராந்த் ஆன்ஸ் விசாலமானது, கரையோரம் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

லெ தியமான் கரை பார்க்க மிக அழகு; நீளமான மணல், எதிரே கடலிலிருந்து 175 மீட்டர் எழும் தியமான் பாறை. 1804-இல் பிரிட்டிஷ் கடற்படை இந்தப் பாறையில் பீரங்கி ஏற்றி, அதை ஒரு போர்க்கப்பலாகவே பதிவு செய்து 1805 வரை வைத்திருந்தது. ஆனால் இங்கே குளிக்கப் போகாதீர்கள். கரையருகே அலை உடைந்து பின்வாங்கும் வேகம் ஆளைச் சாய்த்து இழுக்கும். அதே ஊரின் மேற்கு முனையில் ஆன்ஸ் கஃபார் அருகே, மேட்டில் 15 வெண்சிலைகள் தலை கவிழ்ந்து கடலைப் பார்த்து நிற்கும். 1830 ஏப்ரலில் ஆப்பிரிக்கர்களைக் கள்ளத்தனமாக அடிமைகளாக ஏற்றி வந்த கப்பல் இங்கே பாறையில் மோதி உடைந்தது. அவர்களின் நினைவுக்காக 1998-இல் வைத்தவை. கடற்கரைப் பயணத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

அலைச்சறுக்குக்கு கரவேல் தீபகற்பத்தில் தர்தான் பக்கம். லெ பிரான்சுவா ஊரிலிருந்து படகில் போனால் நடுக்கடலில் இடுப்பளவே நீர் உள்ள வெண்மணல் திட்டுகள். படகுக்காரர்கள் அங்கே நிறுத்தி, நீரில் நின்றபடியே ரம் ஊற்றிக் கொடுப்பது வழக்கம். நல்ல வெயிலில், வயிற்றில் எதுவும் இல்லாமல் அதைக் குடித்தால் மீதி நாள் படுக்கையில் போய்விடும். தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள்.

கரைகள் எல்லாமே பொது. கடலோரத்தில் 81.20 மீட்டர் அகலப் பட்டையை அரசுடைமையாக வைக்கும் ஏற்பாடு மன்னராட்சிக் காலத்திலிருந்தே இங்கே உண்டு. விடுதி வாசலில் இருக்கும் மணலிலும் நீங்கள் உட்காரலாம். அவர்கள் போட்ட நாற்காலிக்குத்தான் காசு.

கடற்கரையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

முதலில் மான்செனிலியே மரம். கரையோரம் நிழல் தரும், பார்க்கச் சாதுவான மரம். பச்சை மஞ்சளாக, சின்ன ஆப்பிள் மாதிரி பழம் உதிர்ந்து கிடக்கும், இனிய வாசனை வரும். பழம், இலை, பட்டை எல்லாமே நச்சு. பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. மழை வந்ததும் ஓடிப்போய் இதன் கீழ் ஒதுங்குவதுதான் வழக்கமான தவறு. இலையில் வழியும் நீரே தோலைப் புண்ணாக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புச் சாயம் அடித்திருப்பார்கள் அல்லது பலகை மாட்டியிருப்பார்கள். சாயம் இல்லாத மரங்களும் உண்டு என்பதால், பெயர் தெரியாத மரத்தடியில் குழந்தைகளை விடாதீர்கள். பால் பட்டுவிட்டால் தேய்க்காமல், நிறையத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

அடுத்து சர்காசம் எனும் பழுப்புக் கடற்பாசி. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து பெரும் பாய்களாக மிதந்து வந்து கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது. ஒதுங்கி இரண்டு நாளில் அழுகத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகும் அளவுக்குக் காற்றில் கலந்திருக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வருவதானால் அறையை மேற்குக் கரையில் எடுங்கள். கிழக்குக் கரையில் கடல் பார்த்த அறை மலிவாகக் கிடைத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி முட்டி மோதாதீர்கள். மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்ததும் திரும்புங்கள்.

ஆமைகளைப் பார்க்க முடியுமா?

முடியும், படகுகூட வேண்டாம். ஆன்ஸ் துஃபூரிலும் க்ராந்த் ஆன்ஸிலும் கரையிலிருந்து சற்றுத் தொலைவில், மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் கடற்புல் வளர்ந்திருக்கிறது. பச்சை ஆமைகள் அதை மேய வரும். முகமூடியும் மூச்சுக்குழலும் போதும், காலை 8 மணிக்கு முன் போங்கள். ஆமை மூச்சுவிட மேலே வந்துதான் ஆக வேண்டும். அதன் தலைக்கு நேர் மேலே நீங்கள் மிதந்தால் வர முடியாமல் தவிக்கும். பக்கவாட்டில், ஐந்து மீட்டராவது தள்ளி இருங்கள். தொடுவது சட்டப்படி குற்றம்.

சந்தைக்கு எப்போது போவது?

காலையில். ஃபோர்-த-ஃபிரான்ஸின் பெரிய சந்தை 1901-இல் எழுந்த இரும்புக் கூரைக் கட்டடம். ஞாயிறு வேண்டாம். வெள்ளியும் சனியும் சரக்கு நிறைந்திருக்கும். 7 மணிக்குப் போனால் உள்ளூர்க்காரர்கள் காய் வாங்குவதைப் பார்க்கலாம், 11 மணிக்குப் போனால் சொகுசுக் கப்பலில் வந்தவர்கள் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்த நினைவுப்பொருள் வாங்குவதைப் பார்க்கலாம். மதியம் இரண்டு மணிக்குமேல் கடைகள் மூடத் தொடங்கும்.

விலை கேட்பதற்கு முன் "போன்ஜூர்" சொல்லுங்கள். இது சும்மா ஒரு நாகரிகம் என்று நினைத்துவிடக் கூடாது. வணக்கம் சொல்லாமல் பொருளைத் தொட்டால் கடைக்கார அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார், நியாயம்தான். பிறகு "செ கொம்பியென்?" என்றால் எவ்வளவு என்று அர்த்தம். அடித்துப் பேரம் பேசுகிற பழக்கம் இல்லை. மூன்று நான்கு பொருளை ஒரே கடையில் வாங்கினால் அவர்களே ஏதாவது சேர்த்துப் போடுவார்கள். சில்லறை நோட்டு வைத்திருங்கள். நீச்சல் உடையோடு சந்தைக்குள் வருவதை யாரும் விரும்புவதில்லை.

சந்தையில் என்ன வாங்கலாம்? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

காய்கறிப் பக்கம் போனால் நமக்குப் பாதி தெரிந்த முகங்கள். கிரிஸ்தோஃபீன் என்று கேட்டால் வருவது சௌசௌ. தஷீன் என்பது சேப்பங்கிழங்கு இனம். ஃப்ருயி-ஆ-பேன் நம் சீமைப்பலா, கொரொசோல் முள்சீத்தா, கோம்போ வெண்டைக்காய். கிறிஸ்துமஸ் சமயத்தில் குவியும் சிவந்த க்ரோஸே-பெயி, புளிச்சகீரையின் நெருங்கிய உறவான செடியில், பூவின் அடியில் இருக்கும் சதைப்பற்றான புல்லிவட்டம். சர்க்கரையும் மசாலாவும் போட்டுப் பானம் ஆக்குவார்கள்.

வனிலாக் காயை விரலில் சுற்றிப் பாருங்கள். ஒடியாமல் வளைய வேண்டும், எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். ஈர்க்குச்சி மாதிரி காய்ந்திருந்தால் வேண்டாம். தீவில் விளைவது கொஞ்சம்தான், பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. எந்த ஊர்க் காய் என்று கேட்டு வாங்குங்கள். சாதிக்காயை மேலோட்டோடு வாங்கினால் வாசனை நீண்ட நாள் நிற்கும். குடைமிளகாயின் குட்டி போல மடிப்பு மடிப்பாக இருக்கும் உள்ளூர் மிளகாயை நம்மூர்ப் பச்சைமிளகாய் என்று நினைத்து நறுக்கிப் போட்டுவிடாதீர்கள். காரம் பல மடங்கு. இங்கே அதை முழுசாகக் குழம்பில் மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிடுவார்கள். வாசனை இறங்கும், காரம் அளவோடு இருக்கும்.

மதராஸ் துணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயரிலேயே ஊர் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணி இங்கே பெண்களின் தலைக்கட்டாகி, கிரியோல் உடையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தலைக்கட்டில் நீட்டி நிற்கும் முனைகளுக்கு அர்த்தம் சொல்வார்கள்: ஒன்று என்றால் மனம் காலி, மூன்று என்றால் கல்யாணம் ஆனவள் என்று. இன்று சந்தையில் தொங்குவதில் பெரும்பகுதி இயந்திரத்தில் அச்சடித்த செயற்கை இழைத் துணி. திருப்பிப் பாருங்கள். நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும், அச்சடித்தது பின்பக்கம் வெளிறியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்து அடித்தார்கள். அது இன்னும் மண்ணிலும் ஆறுகளிலும் சில கடலோரங்களிலும் தங்கியிருக்கிறது. சில இடங்களில் மீன்பிடிக்கத் தடை. சாலையோரத்தில் யாரோ விற்கும் கிழங்கையும் ஆற்று இறாலையும் தவிர்த்து, சந்தையில் வாங்குங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். அக்ரா என்ற வடை போன்ற பலகாரம் எல்லா இடத்திலும் உண்டு, ஆனால் வழக்கமாக அதில் உப்புக்கருவாடு இருக்கும். பூசணி அல்லது காய்கறி அக்ரா தனியாகச் செய்யும் கடைகள் உண்டு. சிவப்பு அவரை, பருப்பு வகைகள் பார்க்கச் சைவமாக இருந்தாலும் பன்றிக்கறி போட்டு வேகவைத்திருக்கலாம். "சான் வியாந்த், சான் புவாஸோன்" என்று சொல்லுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். சீமைப்பலா வறுவல், சௌசௌ கிராத்தேன் (மேலே பாலாடைக்கட்டி தூவிச் சுட்டது), சேப்பங்கிழங்கு, வாழைப்பழப் பொரியல் எல்லாம் சேர்த்தால் தட்டு நிறைந்துவிடும்.

கொலொம்போ என்பது நம் குழம்பா? தமிழர் எப்படி இங்கே வந்தார்கள்?

கரும்புதான் காரணம். 1848 மே மாதம் மார்த்தினிக்கில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினார்கள். 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டு வந்து சேர்த்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சுமார் 25,000 பேர். பெரும்பாலோர் தமிழர். மொழி தேய்ந்துவிட்டது, சாமிகள் தங்கிவிட்டார்கள். வடக்கே பாஸ்-புவாந்த் பக்கம் மாரியம்மனும் மதுரை வீரனும் இன்றும் உண்டு. மதுரை வீரனை இங்கே மல்தேவிதான் என்கிறார்கள். உரக்கச் சொல்லிப் பாருங்கள், பெயர் திரும்பி வரும். இக்கோயில்கள் நம்மூர் போல நாள்தோறும் நடை திறப்பவை அல்ல, குடும்பங்களின் பொறுப்பில் இருப்பவை. கேட்காமல் உள்ளே போவதோ படம் எடுப்பதோ கூடாது.

கொலொம்போ என்ற சொல் குழம்பிலிருந்து வந்தது என்பார்கள், கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உண்டு. நாக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது சாப்பிட்டால் தெரியும். சந்தையில் பொட்டலமாக விற்கும் கொலொம்போ பொடியில் மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் இருக்கும். சிலர் வறுத்த அரிசியும் சேர்த்து அரைப்பார்கள், குழம்பு கெட்டியாக வர. மிளகாய் பெரும்பாலும் இருக்காது. பொடி வாங்கினால் அரைத்த தேதி கேளுங்கள். கண்ணாடிப் புட்டியில் வெயிலில் அடுக்கி வைத்தது நிறம் மட்டும் தரும். ஆட்டுக்கறிக் கொலொம்போவில் மாங்காயோ புளியோ சேரும்.

மார்த்தினிக் ரம் மற்ற ரம்மிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

உலகில் பெரும்பாலான ரம், சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸிலிருந்து வருகிறது. இங்கே பெரும்பாலான ரம்முக்குச் சர்க்கரை எடுப்பதே இல்லை. வெட்டிய கரும்பை அரைத்து, அந்தப் பச்சைச் சாற்றையே புளிக்க வைத்து வடிக்கிறார்கள். இதற்கு ரம் அக்ரிகோல் என்று பெயர். கரும்பு வெட்டியபின் காத்திருந்தால் சாறு கெட்டுவிடும் என்பதால் ஆலைகள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, பருவம் முடிந்தால் நின்றுவிடுகின்றன.

ஆலையில் நின்று பார்த்தால் வரிசை இப்படிப் போகும். கரும்பு துண்டாகி மூன்று நான்கு உருளைத் தொகுதிகள் வழியாக நசுங்கும். இடையிடையே நீர் தெளித்து மீதிச் சாற்றையும் எடுப்பார்கள். சக்கை கொதிகலனுக்குப் போகும், அதுதான் எரிபொருள். சாறு திறந்த தொட்டிகளில் ஈஸ்ட்டோடு ஓரிரு நாள் நுரைத்துப் புளிக்கும். தொட்டிக்கு மேலே குனிந்து முகராதீர்கள், கரியமில வாயு மூச்சை அடைக்கும். புளித்த சாறு செம்புத் தட்டுகள் உள்ள ஒற்றைக் கோபுர வடிகலத்துக்குள் மேலிருந்து இறங்கும், நீராவி கீழிருந்து ஏறும். வெளியே வருவது 65 முதல் 75 சதவீதம் ஆல்கஹால். வோட்காவைவிட இங்கே வடிப்பது வேண்டுமென்றே குறைவாகச் சுத்திகரிக்கப்படுகிறது. கரும்பின் வாசனை நிற்க வேண்டும் அல்லவா. ஒரு டன் கரும்புக்குச் சுமார் 100 லிட்டர், 55 சதவீத ரம் கிடைக்கும்.

வெள்ளை ரம் உடனே புட்டியில் அடைபடாது. குறைந்தது ஆறு வாரம் தொட்டியில் ஓய்வு. கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்து 50 அல்லது 55 சதவீதத்துக்கு இறக்குவார்கள். ஒரேயடியாக நீர் ஊற்றினால் கலங்கிவிடும், காரமும் தனித்து நிற்கும்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

ஏஓசி மார்த்தினிக் என்ற சொற்கள். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு போல, 1996 நவம்பரில் இந்த ரம்முக்கு பிரான்ஸ் கொடுத்த பிறப்பிட உரிமை அது. எந்த நிலத்துக் கரும்பு, எப்படி வடிப்பது, எவ்வளவு நாள் மரத்தில் வைப்பது எல்லாம் விதியில் உண்டு. "எல்வே சூ புவா" என்றால் ஓக் பீப்பாயில் ஓராண்டாவது இருந்தது. "வியூ" என்றால் மூன்றாண்டு. வயதைக் குறிக்கும் எழுத்துகளில் விஓ மூன்று, விஎஸ்ஓபி நான்கு, எக்ஸ்ஓ ஆறு ஆண்டு, எல்லாமே குறைந்தபட்சம். இங்கே வெக்கையில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏழெட்டு சதவீதம் ஆவியாகிவிடும். ஸ்காட்லாந்தில் அது இரண்டு சதவீதம் அளவுதான். ஆறு வயது மார்த்தினிக் ரம்மை ஆறு வயது விஸ்கியோடு ஒப்பிட்டு விலை அதிகம் என்று சொல்வது சரியல்ல.

முதன்முறை வாங்குகிறவர்கள் பழைய ரம்மை மட்டும் தேடுகிறார்கள். தீவின் குணம் வெள்ளையில்தான் இருக்கிறது. 50 சதவீத வெள்ளை ஒரு புட்டி கட்டாயம் எடுங்கள்.

எந்த ஆலைகளுக்குப் போகலாம்?

ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் நாக்கு மரத்திருக்கும்.

வடக்கே மகூபாவில் பள்ளத்தாக்கில் ஒளிந்திருக்கும் ஜெ.எம்., பாஸ்-புவாந்துக்குப் பக்கம், எனவே கோயில் பகுதியோடு சேர்த்துப் போகலாம். சேன்-பியேரில் எரிமலை அடிவாரத்தில் தெபாஸ். 1902 மே 8 அன்று பெலே வெடித்து, அந்த ஊரே சில நிமிடங்களில் அழிந்து, சுமார் 28,000 பேர் மாண்டார்கள். தெபாஸ் குடும்பத்தில் தப்பிய ஒருவர் திரும்பி வந்து 1917-இல் ஆலையை மீண்டும் கட்டினார். அங்கே பழைய நீராவி இயந்திரம் பருவத்தில் ஓடுவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே லெ கர்பேயில் நேஸோன், சின்ன ஆலை. கரும்பு வாசனை அதிகம் வேண்டுவோருக்கு அதன் வெள்ளை ரம் பிடிக்கும்.

லெ பிரான்சுவாவில் கிளெமான் தோட்டம் பெரிதாக, பூங்காவும் கலைக்கூடமுமாக இருக்கிறது. 1991-இல் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் சந்தித்தது இந்த வீட்டில்தான். ஆனால் இங்கே இப்போது வடிப்பதில்லை, பீப்பாய்க் கிடங்குதான். ஓடும் ஆலையைப் பார்க்க இதை நம்பாதீர்கள். விமான நிலையத்துக்கு அருகில் லா ஃபவோரித் உண்டு, கிளம்பும் நாளில் வசதி. ஞாயிறு மதியம் பல ஆலைகள் மூடியிருக்கும்.

டி-பன்ச் எப்படிக் கலப்பது?

டி-பன்ச் என்பது ரம், எலுமிச்சை, கரும்புப் பாகு சேர்த்த தீவின் பானம். சின்னக் கண்ணாடிக் கிளாஸ் எடுங்கள். எலுமிச்சையை நடுவில் வெட்டாமல், பக்கவாட்டில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சதையோடு சீவுங்கள். நடுவில் வெட்டினால் வெள்ளை நார் கசப்பைக் கொடுக்கும். கிளாஸுக்குள் பிழிந்து, தோலையும் உள்ளே போடுங்கள். கரும்புப் பாகு ஒரு தேக்கரண்டி. பாகுக்குப் பதில் சர்க்கரை என்றால் எலுமிச்சைச் சாற்றிலேயே முதலில் கரைத்துவிட வேண்டும். ரம் ஊற்றியபின் போட்டால் கரையாமல் அடியில் மணலாகத் தங்கும். பிறகு வெள்ளை ரம் 50 மி.லி. ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் வாசனை மூடிக்கொள்ளும்.

கலக்குவதற்கு புவா லெலே என்ற குச்சி: நுனியில் ஐந்து கிளை விரிந்த சிறு மரக்கொம்பு. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டுவார்கள், மோர் கடையும் மத்து மாதிரியே. சந்தையில் கிடைக்கும். உணவகத்தில் ரம் புட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு, நீங்களே அளவு பாருங்கள் என்பார்கள்.

ருசி பார்த்துவிட்டு வண்டி ஓட்டலாமா?

கூடாது. 55 சதவீத ரம் 50 மி.லி.யில் கிட்டத்தட்ட 22 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. பிரெஞ்சுக் கணக்கில் ஒரு "கிளாஸ்" 10 கிராம். ஒரே டி-பன்ச்சில் இரண்டு முடிந்தது. சட்ட வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், புதிய ஓட்டுநருக்கு 0.2. ஆலைப் பக்கச் சாலைகளில் சோதனை உண்டு. ஓட்டுபவர் முகர்ந்து, வாயில் வைத்துத் துப்பட்டும். துப்பும் பாத்திரம் கேட்டால் தருவார்கள்.

ஊருக்கு எத்தனை புட்டி கொண்டுபோகலாம்?

இந்தியாவுக்கு வரியில்லாமல் 2 லிட்டர், கனடாவுக்கு 1.14 லிட்டர், பிரிட்டனுக்கு 4 லிட்டர். பிரான்ஸுக்குள் போகும்போதும், இதுவும் பிரான்ஸ்தானே என்று அள்ளிக்கொண்டு போக முடியாது; மார்த்தினிக் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால் 1 லிட்டர் வரம்பு உண்டு. விமான விதிப்படி 24 முதல் 70 சதவீதம் வரையிலான மது, முத்திரை உடையாத புட்டியில், ஆளுக்கு 5 லிட்டர் வரை பெட்டியில் வைக்கலாம். 70-க்கு மேல் எதுவும் ஏற்ற முடியாது.

ஆலைக் கடையையும் ஊர்ப் பேரங்காடியையும் விலை ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண வெள்ளை ரம் பேரங்காடியில் மலிவாகவே இருக்கும், ஆலையில் வாங்க வேண்டியது அங்கே மட்டும் கிடைப்பதை. பெட்டிக்குள் புட்டியின் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா போட்டு, நெகிழிப் பையில் கட்டி, தடித்த துண்டில் சுருட்டி, நடுவில் துணிகளுக்கு இடையே படுக்க வையுங்கள். கார்க் மூடி போட்ட புட்டி என்றால் அதிக நாள் படுக்க வைக்க வேண்டாம், வலுவான ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். வீடு வந்ததும் நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.